அரியமுத்து வீட்டு இத்தாலிக்காரர்

எழுபதுகளின் கடைசியில் தொடங்கி ஐந்தாறு வருஷம், அரியலூர், உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கம் செத்துப்போன வசதியான ஆண்கள் எல்லாருக்கும் ஒரே பார்வை. சட்டமிட்ட படத்துக்குள்ளிருந்து தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி, ஒரு புருவத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி, உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிற தோரணையில் பார்ப்பார்கள். உயிரோடு இருந்தபோது அவர்களில் பாதிப் பேருக்குக் கழுத்து அந்த அளவுக்குத் திரும்பியதில்லை. மிச்சப் பேர் யாரையும் நின்று நிதானமாகப் பார்த்ததே இல்லை. பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அத்தனை படத்தையும் எழுதியவர் ஒரே ஆள். அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் ஒரே ஒரு முகம்.

எழுதியவர் அரியமுத்து. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் 'முத்து ஆர்ட்ஸ்' என்று ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். ஊரில் உள்ள சைக்கிள் கடை, சோடாக் கடை, ஜவுளிக் கடை அத்தனைக்கும் போர்டு எழுதிய அவருடைய சொந்தக் கடைப் போர்டு மட்டும் வருஷக்கணக்கில் 'முத்து ஆர்' என்றே கிடந்தது. கேட்டால், கூலி தர ஆளில்லாத வேலை அப்படித்தான் நிற்கும் என்பார். அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் ஏர் பிடித்தவர்கள். அந்த வம்சத்தில் பிரஷ் பிடித்த முதல் கை இவருடையது. சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகளின் முதுகில் 'ஒலி எழுப்புக' எழுதுவார். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிச் சுவரும் அவருடையதுதான், சின்னத்தில் பாரபட்சம் காட்ட மாட்டார். எழுத்து மணிமணியாக இருக்கும். ஆனால் எழுத்தோடு நிற்க அவருக்கு மனசில்லை. ஆள் முகம் எழுத வேண்டும், பார்த்தவர்கள் இன்னார் என்று சொல்ல வேண்டும், அதுதான் அவருக்கு ஆசை.

எழுபத்தைந்து வாக்கில் கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பள்ளங்களில் கல்லாய்ப்போன நத்தையையும் சிப்பியையும் பொறுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்து டிராவலர்ஸ் பங்களாவில் தங்கினார். கடல் இல்லாத ஊரில் சிப்பி பொறுக்க இத்தனை தூரம் வந்திருக்கிறானே என்று ஊரே சிரித்தது. அவர் போகும்போது சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரை விட்டுவிட்டுப் போனார். மாதத்துக்கு ஒன்றாக அதில் பழைய காலத்து ஐரோப்பிய ஓவியங்கள். பங்களா வாட்ச்மேனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நிறைய. தாளும் நல்ல கெட்டித் தாள். ஆகவே ஐரோப்பாவின் பெரிய பெரிய ஓவியர்கள் எல்லாம் கணக்கு நோட்டுக்கும் பூகோள நோட்டுக்கும் அட்டையாகப் போய்விட்டன. பங்களாவின் இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போன அரியமுத்துவுக்கு மிஞ்சியது ஏப்ரல் மாதம் மட்டும்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு தாடிக்காரர் இருந்தார். நீல நிறப் பட்டுத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்த பெரிய சட்டைக் கை. அந்தக் கையை ஒரு கல் மேடையில் ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டில் வைத்து, முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பிப் பார்த்தார். கீழே பொடி எழுத்தில் இருந்ததை ஹைஸ்கூல் டிராயிங் மாஸ்டரிடம் காட்டிக் கேட்டார் அரியமுத்து. எழுதியவர் பெயர் டிஷியன், இத்தாலிக்காரர், நானூறு வருஷத்துக்கு மேலாகிறது, எண்ணெய் வண்ணத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றார் மாஸ்டர். படத்தில் இருப்பவர் யாரென்று நிச்சயமாகத் தெரியாது என்றும் சொன்னார். அரியமுத்துவுக்கு அதுதான் மனசில் ஒட்டிக்கொண்டது. பேர் தெரியாத ஒரு மனுஷனை நானூறு வருஷம் கழித்தும் அரியலூரில் நின்று முறைக்க வைத்திருக்கிறார் என்றால் எழுதியவர் லேசுப்பட்டவர் இல்லை என்று அன்றைக்கே அவரைக் குருவாக வரித்துக்கொண்டார்.

முதலில் ஒரு தகரத்தில் இனாமல் பெயின்டால் அந்த முகத்தை எழுதத் தொடங்கினார், கையில் இருந்தது அதுதான். லாரிக்கு அடிக்கிற பெயின்டில் இத்தாலிக்காரரும் லாரியாகவே பளபளத்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதால் ஒரு வாரம் அதைச் சுவரில் சாய்த்து வைத்து ரசித்தார். பிறகு எரிச்சல் வந்து, முகத்தின் மேலேயே வெள்ளை அடித்து 'இங்கு காற்று நிரப்பப்படும்' என்று எழுதிப் பஞ்சர் கடைக்குக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் திருச்சிக்கு ரயிலேறிப் போய் ஆயில் கலர் டியூபும் ஆளிவிதை எண்ணெயும் வாங்கி வந்தார். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசை பூசி, காயவைத்து, காலண்டர் தாளிலும் துணியிலும் கட்டம் போட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். போர்டு எழுதுகிறவருக்கு அவசரம் கூடப் பிறந்தது. காலையில் எழுதினால் மத்தியானத்துக்குள் காய வேண்டும். எண்ணெய் வண்ணமோ காயவே நாள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதுவரை சும்மா இருக்க முடியாமல் பக்கத்தில் போய் முகர்ந்து பார்ப்பார், மூக்கு நுனியில் நீலத்தோடு டீ குடிக்கப் போவார்.

ஆனால் கற்றுக்கொண்டார், அதில் சந்தேகமில்லை. கன்னத்துச் சிவப்புக்கு அடியில் பச்சை ஓடுவதைக் கண்டுபிடித்தார். கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை, சாம்பல் என்று தெரிந்துகொண்டார். தாடி கறுப்பிலிருந்து கன்னத்துக்குப் போகிற இடத்தில் கோடே கிடையாது என்பது புரிய ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. சட்டைக் கைதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அந்தச் சுருக்கமும் பளபளப்பும் எப்படி விழுகிறது என்று பார்க்க, கொடியில் காய்ந்த மனைவியின் நீலப் பாவாடையை எடுத்துத் தலையணைக்கு உடுத்தி ஜன்னலோரம் உட்கார வைத்தார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார். மூன்று வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டும் அந்த முகத்தைப் போடுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது. அதுதான் பின்னால் வினையாக முடிந்தது.

பாவாடையைத் தொலைத்த மனைவி அம்சவள்ளி. செந்துறைக்கு அந்தப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவள். அப்பா மதுரைவீரன் கிணறு வெட்டுகிறவர். வாய் அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். நல்லபடி வந்த நகல் ஒன்றை அரியமுத்து வீட்டுச் சுவரில் மாட்டியதும் அவள் அதற்குத் துரை என்று பேர் வைத்துவிட்டாள். குறுக்கே நெடுக்கே போகும்போதெல்லாம் துரை அவளையே பார்ப்பதாகப் புகார். சேலை மாற்ற அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆயுத பூஜையன்று பிரஷ்களுக்கும் ஏணிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, கடைசியில் துரை நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். உங்க குருநாதர் முகம் இப்பதான் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டும் போனாள்.

மதுரைவீரன் அவ்வப்போது மகளைப் பார்க்கக் கடலைப் பையோடு பஸ்ஸில் வருவார். அவரும் ஒரு நாள் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். மருமகன் அபிப்பிராயத்துக்குக் காத்திருந்தார். துரையின் கையைச் சுட்டிக்காட்டி, நல்ல கைதான், ஆனால் ஒரு வேலையும் பார்த்த கை இல்லை என்று கிழவர் தீர்ப்புச் சொன்னார்.

இத்தாலிக்காரரை விட்டுவிட்டு ஊர்க்காரர்களை எழுத அரியமுத்து முயலவில்லை என்று சொல்ல முடியாது. எதிரில் உட்கார ஆள் வேண்டுமே. நம் பக்கத்தில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டுகிற முகம் என்றால் அது மாலை விழுந்த முகம். உயிரோடு இருக்கிறவனை எழுதினால் ஆயுசு குறையும் என்று எல்லாருக்கும் ஒரு நடுக்கம். டீக்கடை பூமாலை ஒருவர்தான் துணிந்து இரண்டு மத்தியானம் உட்கார்ந்தார். அடுத்த வாரம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கீழாநெல்லியில் மாசத்துக்குள் குணமாகி மறுபடி டீ ஆற்ற வந்துவிட்டார் என்பதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அவரே டீ குடிக்க வருகிறவர்களிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, அரியமுத்துவின் கண் தங்கள் மேல் பட்டாலே சந்து மாறிப் போகிறவர்கள் சிலர் உண்டாகிவிட்டார்கள். அரியமுத்து அம்சவள்ளியையும் கேட்டுப் பார்த்தார். நான் தாலியோடு போக வேண்டும்தான், அதற்காக இந்த வருஷமே போக வேண்டுமா என்று கேட்டுவிட்டு அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆகவே உயிரோடு இருக்கிறவர்கள் கிடைக்கவில்லை. இறந்தவர்கள் தாராளமாகக் கிடைத்தார்கள். நிலபுலம் உள்ள குடும்பங்களில் பெரியவர் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் ஒரு பழுப்பேறிய போட்டோவை எடுத்துக்கொண்டு முத்து ஆர்ட்ஸுக்கு வருவார்கள். நகம் அளவு முகம் இருக்கும், அதிலும் பாதி நிழல். போட்டோவே இல்லாதவர்களுக்குச் சொந்தபந்தமே போட்டோ. மூக்கு சின்னத் தம்பி மூக்கு, நெற்றி அத்தை நெற்றி, காது மூத்த பேரன் காது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்னதையெல்லாம் அரியமுத்து ஒழுங்காகப் போடுவார். சொல்லாமல் விட்ட இடத்தில்தான் கை தன் இஷ்டத்துக்கு ஓடும். இமை, கண், புருவம், உதட்டோரம், தலை திரும்புகிற வாகு எல்லாம் இத்தாலியிலிருந்து வரும். நிறமும் அங்கிருந்தே வரும். காலமெல்லாம் முந்திரிக்கொல்லை வெயிலில் கறுத்தவர் படத்தில் ரோஸ் கன்னத்தோடு இருப்பார். அதில் மட்டும் எந்தக் குடும்பமும் குறை சொன்னதில்லை, அப்பா செத்த பிறகு நல்ல நிறத்துக்கு வந்துவிட்டார் என்று பூரித்துப்போனார்கள்.

அரியமுத்து அந்த வீடுகளின் கூடத்துக்குள் போனதில்லை. படத்தைக் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், சைக்கிளை மிதித்துத் திரும்பி வருவார். அவர் காலடி படாத கூடங்களில் எல்லாம் அவருடைய இத்தாலிக்காரர் வேட்டி, அங்கவஸ்திரம், விபூதியோடு நடுநாயகமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். அதை நினைத்து அவர் சைக்கிளில் தனியாகச் சிரித்துக்கொள்வதுண்டு.

உடையார்பாளையம் பக்கம் வைத்திலிங்கம் வீட்டுக்கும் சின்னதுரை வீட்டுக்கும் முந்திரிக்கொல்லை வரப்பு விஷயமாகத் தலைமுறைத் தகராறு. கேஸ் நடக்கும்போதே வைத்திலிங்கமும் சின்னதுரையின் அப்பாவும் ஒரே வருஷத்தில் காலமானார்கள். இரண்டு வீட்டுக்கும் படம் முத்து ஆர்ட்ஸில்தான் ஆனது. சமரசம் பேசப் போன ஒருவர் காலையில் ஒரு கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார், மத்தியானம் அடுத்த கூடத்தில் மோர் குடித்தார். இரண்டு இடத்திலும் ஒரே ஆள் அவரை முறைத்தார். வெயில் ஏறிவிட்டதோ என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்திருக்கிறார். அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறார்கள், விட்டுக்கொடுத்துப் போகக் கூடாதா என்று அவர் வாயைக் கொடுக்க, பழைய தலைமுறை ஒழுக்கம் வரைக்கும் பேச்சு போய், கேஸ் இன்னும் முற்றியது.

அரியமுத்துவைக் கூப்பிட்டு ஆள் வந்தது. வைத்திலிங்கத்தின் மனைவி கிருஷ்ணம்மாள் வாசலுக்கு வந்து நின்றார். பிள்ளைகள் எல்லாம் கொதித்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் மட்டும் நிதானமாக இருந்தார். படத்தை மாற்ற வேண்டாம் என்றார். "அவரு இருந்தவரைக்கும் என்னைய ஒரு நாளும் இப்படித் திரும்பிப் பாத்ததில்லப்பா. இப்பவாச்சும் பாக்குறாரே, இருக்கட்டும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அரியமுத்து இதை வீட்டில் வந்து சொன்னபோது அம்சவள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆள் முகம் எழுதத் தெரியாது, ஒரு முகம் மட்டும்தான் தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு முள் குத்தியதை அந்தச் சிரிப்பில் கரைத்துவிட்டார். தொழில் ஓடிக்கொண்டிருந்தது. செத்தவர் எழுந்து வந்து இது நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

எண்பத்து மூன்றில் மதுரைவீரன் இறந்துபோனார். வெட்டின கிணற்றில் ஒன்றும் ஆகாமல், வீட்டில் கயிற்றுக்கட்டிலில் படுத்தபடியே போனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்சவள்ளி கணவரிடம் ஒன்று கேட்டாள். பண்ணை வீட்டுப் பெரியவர்களை எழுதுகிற மாதிரி அப்பாவைப் பெரிதாக, எண்ணெயில், சட்டம் போட்டு எழுத வேண்டும். வருஷத் தெவசத்துக்கு அந்தப் படத்தின் முன்னால் படைக்க வேண்டும். அவர் காலமெல்லாம் அந்த வீடுகளின் வாசலோரத்தில் நின்றவர், தன் வீட்டிலாவது நடுச்சுவரில் இருக்கட்டும் என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படி ஒன்றைக் கேட்டு வாங்கியதில்லை.

மதுரைவீரனுக்குப் போட்டோ என்று இருந்தது ஒன்றே ஒன்று, இவர்களுடைய கல்யாணப் போட்டோ. தாலி கட்டி முடிந்ததும் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி எடுத்தது. போட்டோக்காரர் அமுக்குகிற நேரம் பார்த்துப் பந்தியில் சாம்பார் குண்டானைச் சாய்க்கிறார்கள் என்று கிழவர் கத்தத் திரும்பிவிட்டார். படத்தில் ஒரு முண்டாசும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகையும்தான் தெரியும். ஒரு காது மட்டும் அச்சாக விழுந்திருந்தது.

அரியமுத்து கவலைப்படவில்லை. வருஷக்கணக்கில் பார்த்துப் பழகிய மாமனார், போட்டோ எதற்கு என்று ஆரம்பித்தார். ஒரு மாசம் உழைத்தார். வேறு எவருக்கும் போடாத அளவு எண்ணெய் ஊற்றினார். முடித்துக் கொண்டுவந்து வீட்டுச் சுவரில் துரையின் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

அம்சவள்ளி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அழுவாள் என்று அரியமுத்து எதிர்பார்த்திருந்தார். அவள் அழவில்லை. "இது யாரு?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, காது நல்லா வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அரியமுத்து பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு படங்களையும் பார்த்தார். முண்டாசு கட்டிய துரையும் முண்டாசு கட்டாத துரையும் தோளுக்கு மேலாக அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதோடு போயிருந்தால் இன்னொரு சிரிப்பில் அதையும் கரைத்திருப்பார். சில வாரம் கழித்து ஒரு காலையில் அம்சவள்ளி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். என்னவென்று கேட்டார். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொன்னாள்.

"அப்பா மூஞ்சி எனக்கு மறந்துக்கிட்டே வருதுங்க. கண்ண மூடுனா உங்க துரை முண்டாசு கட்டிக்கிட்டு வந்து நிக்கிறான். அப்பாவ நெனச்சாலும் அவந்தான் வரான்."

 அத்தனை வீட்டுக்கும் செய்த காரியத்தின் பேர் என்னவென்று அப்போதுதான் அரியமுத்துவுக்குத் தெரிந்தது. போன மனுஷரின் முகத்தை எழுதித் தருகிறேன் என்று வாங்கி, அழித்துவிட்டு வந்திருக்கிறார். கிருஷ்ணம்மாள் மாதிரி நிறையப் பேருக்கு அது நஷ்டமாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். இவளுக்கு அப்படி இல்லை. அன்றைக்கே முண்டாசு கட்டிய படத்தைக் கொட்டகைக்கு எடுத்துப்போய் வெள்ளை அடித்தார். திரும்பி வந்து துரையையும் சுவரில் இருந்து இறக்கி, கோபம் வேண்டாம் சாமி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

எழுதுவதற்கு முகம் வேண்டும். மதுரைவீரனின் முகம் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சமிருந்தது. அப்பனை உரித்து வைத்திருக்கிறாள் என்று அம்சவள்ளியைப் பிறந்த நாளிலிருந்து எல்லாரும் சொல்வார்கள். அரியமுத்து தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டார். காமாலை வந்த பூமாலை இருவருக்கும் நடுவில் வந்து நின்றது தெரிந்தது.  உட்காருகிறேன் என்றாள், ஆனால் ஒரு கண்டிஷன் வைத்தாள்.

"மொதல்ல மீசையப் போடுங்க. மீசையப் போட்டுட்டு அப்புறம் என்னையப் பாருங்க. எமன் எட்டிப் பாத்தாலும் இது அப்பாதான்னு அவனுக்குத் தெரியணும். அவரத்தான் ஏற்கெனவே கூட்டிட்டுப் போயிட்டானே, ரெண்டாந்தரம் வர மாட்டான்."

உலகத்தில் எந்த ஓவியரும் ஒரு முகத்தை மீசையிலிருந்து தொடங்கியிருக்க மாட்டார். அரியமுத்து தொடங்கினார். வெறும் துணியில், கண்ணும் மூக்கும் வாயும் இல்லாமல், ஒரு நரைத்த மீசை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அதன் எதிரில் அம்சவள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சிரிப்பு வந்து இரண்டு பேருக்கும் முதல் நாள் வேலை ஓடவில்லை.

மறுநாளிலிருந்து காலை வெளிச்சத்தில் வேலை நடந்தது. துரையின் முகத்தில் எந்த முடி எங்கே வளைகிறது என்பது அரியமுத்துவுக்கு மனப்பாடம். தன்னோடு ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவளின் இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் இறங்கியிருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கன்னத்து எலும்பு அகலமாக இருப்பது தெரிந்தது. பேசாமல் இருக்கும்போதும் வாய் ஒரு ஓரம் பேசத் தயாராக இருப்பது தெரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. துரையைப் பார்த்த மாதிரி பாருங்க, நான் ஒன்றும் கடிக்க மாட்டேன் என்று அவள் சீண்டினாள்.

கை சும்மா இருக்கவில்லை. அசந்தால் புருவம் இத்தாலிக்குப் போய்விடும். துணியால் துடைத்துத் துடைத்துத் திருப்பிக் கொண்டுவருவார். வெயில் தின்ற தோலுக்கு டியூபில் நிறம் இல்லை, செம்பழுப்பிலும் நீலத்திலும் கலந்து கலந்து தேடினார். அவள் கன்னத்துக்கு அடியிலும் பச்சை ஓடியது. அந்த விஷயத்தில் குருநாதர் பொய் சொல்லவில்லை என்று சந்தோஷப்பட்டார்.

எல்லாம் வந்தது, பார்வை வரவில்லை. அம்சவள்ளி பார்ப்பது அவள் பார்வை. கிழவருடையது அது இல்லை. பிரஷைக் கீழே வைத்துவிட்டு, மாமா எங்கேதான் பார்ப்பார் என்று கேட்டார். அவளும் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லையே என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஊருக்குப் போறப்ப பஸ்ஸு நிக்கிற எடத்துல வந்து நிப்பாரு. எறங்குனதும் என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு. கையில என்ன இருக்குன்னுதான் பாப்பாரு, பைய வாங்கிக்க. வூட்டுக்கு வந்து, உக்காந்து, தண்ணி குடிச்சப்பறம்தான் தலையத் தூக்கி மூஞ்சியப் பாப்பாரு."

 இன்றைக்குப் போதும் என்று எழுந்து போனாள். அதற்கப்புறம் அவளை உட்காரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரியமுத்து படத்தைக் கொட்டகைக்கு எடுத்துப்போய், தகரக் கதவைச் சாத்திக்கொண்டு, இமை இரண்டையும் கொஞ்சம் இறக்கினார். லாரிக்காரர்கள் கதவைத் தட்டித் தட்டித் திரும்பிப் போனார்கள்.

தெவசத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அம்சவள்ளி வீட்டுத் தரையில் சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, மறுநாள் படையலுக்குப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அரியமுத்து படத்தைத் துணியால் மூடி எடுத்துவந்தார்.   எதிர்ச் சுவரில் தரையோடு சாய்த்து வைத்து, துணியை எடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் தள்ளி நின்றார்.

அவள் தலையைத் தூக்கினாள். புளியில் இருந்த கை நின்றது. நீட்டியிருந்த கால்கள் இரண்டையும் சட்டென்று மடக்கிக்கொண்டாள். சேலைக் கரையை இழுத்துக் கணுக்காலை மூடினாள்.

 அப்புறம் அரியமுத்துவைத் திட்டினாள்.

"வராருன்னு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக் கூடாதாங்க. காலை நீட்டிக்கிட்டு உக்காந்துருக்கேன்" என்றாள், அழுதுகொண்டே.